அக்காவுக்குக் கண்டி காட்டுதல்

1

ஒன்றரை வயதுக் குழந்தைக்கு ஊரை விளங்கப்படுத்தும் ஆண்மகனைவிடப் பரிதாபத்துக்குரிய உயிரினத்தை இலங்கைத் தீவு இதுவரை தோற்றுவிக்கவில்லை. இது அபிப்பிராயம் அல்ல. பல்கலைக்கழக இரண்டாம் வருட மாணவன் ஒருவன் பல ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து, நேரில் அவதானித்து, வந்தடைந்த முடிவு. அந்த மாணவன்தான் இந்தக் கதையை எழுதுகிறான். இனி அவன் கதாசிரியன் எனப்படுவான். 'நான்' என்றே எழுதியிருக்கலாம். ஆனால் இதை அக்கா வாசிக்கக்கூடும். அடி விழுந்தால் கதாசிரியனுக்கு விழட்டும்.

கதை பிறந்த இடத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது நல்லது. பசி. விடுதியில் பருப்பு என்று ஒன்றைத் தருவார்கள். அதில் பருப்பு எங்கே இருக்கிறது என்பது தனி ஆய்வு. கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் வாடகைக்கு இருந்த அக்கா வீட்டில் ஞாயிறு மதியம் சோறும் சொதியும் கிடைக்கும். ஆகவே அக்கா கண்டியில் தொடர்ந்து இருப்பாளா என்ற கேள்வி கதாசிரியனுக்கு வெறும் இலக்கியப் பிரச்சினை அல்ல.

2

தொடக்கம், முதல் முயற்சி: 'மலைகளின் ராணியாம் கண்டியில் வெண்பனி மெல்லப் படர்ந்த ஒரு காலைப் பொழுதில்—'

(பனி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் குப்பை எரித்தார்.)

இரண்டாம் முயற்சி: 'கணித ஆசிரியர் குகதாசன் யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு மாற்றலாகி வந்தபோது அவருடன் மனைவி வதனியும், பெண் குழந்தையும், சாக்கில் கட்டிய ஓர் அம்மியும் வந்தன.'

(தகவல்கள் சரி. ஆனால் அக்காவையும் அம்மியையும் ஒரே வசனத்தில் 'வந்தன' என்று முடித்தால் மேற்படி அடி நிச்சயம்.)

மூன்றாம் முயற்சியை அக்காவே சொன்னாள், மீன் வெட்டிக்கொண்டு:

"பள்ளிக்கூட லீவு முடியுமட்டும் பாப்பன். பிடிக்கேல்லையெண்டா பிள்ளையையும் கொண்டு ஊருக்குப் போயிடுவன். நீங்கள் இஞ்ச இருந்து உங்கட பெடியளுக்குக் கணக்குப் படிப்பியுங்கோ."

அத்தான் போக முடியாது. மாற்றல் என்றால் சில வருடங்கள் அசையக்கூடாது. ஆகவே அக்கா போனால் வீடு இரண்டாகும். இதுதான் கதை. மற்றதெல்லாம் வளைவுகள்.

3

அத்தான் அந்த வசனத்தை ஒரு கணக்காக எடுத்துக்கொண்டார். பிடிக்கவில்லை என்றால் தெரியவில்லை என்று பொருள். தெரியவில்லை என்றால் காட்ட வேண்டும். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் குடும்பம் புறப்பட்டது. சோற்றுப் பொதியோடு கதாசிரியனும் புறப்பட்டான். சோறு எங்கே போகிறதோ அங்கே அவன்.

கண்டி வாவிக் கரையில் அத்தான் குழந்தையைத் தூக்கி நிறுத்தினார்.

"பிள்ளை, இஞ்ச பாருங்கோ. இது கடைசி ராசா கட்டுவிச்ச குளம்."

பிள்ளை வாவிக்கு முதுகைக் காட்டி நின்று, சாக்கடைக் கானில் மிதந்த யோகட் கோப்பையைப் பார்த்தது. பூங்காவில் வானளாவிய மரங்களை விட்டுத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தது. கம்பளையில் மகாவலியைக் காட்டக் கூட்டிப் போனபோது, புகையிரத நிலைய வாங்குப் பலகையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருவரின் கால் பெருவிரலைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு தொட்டது. அவர் எழும்பிவிட்டார்.

"அத்தான், அதுக்கு இன்னும் கடைவாய்ப் பல்லே முளைக்கேல்லை. மகாவலி எங்க துவங்கி எங்க முடியுதெண்டு அதுக்கேன்?"

"இப்பவே காதில போட்டு வைக்கோணும், தம்பி. பிறகு வட்டியோட திரும்பி வரும்."

"இப்ப திரும்பி வாறது சோறுதான்," என்றான் கதாசிரியன். உண்மையிலேயே அப்போது அத்தானின் சட்டையில் சோறுதான் திரும்பி வந்துகொண்டிருந்தது.*

* இந்தப் பகுதியில் அக்காவைக் காணவில்லையே என்று வாசகர் கேட்கலாம். இருந்தாள். அத்தான் விளங்கப்படுத்தி முடிந்ததும் குழந்தை அவளிடம் திருப்பிக் கொடுக்கப்படும். வாவியிலும் பூங்காவிலும் கம்பளையிலும் அவள் குனிந்தபடி அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து நின்ற படம் ஒன்றுகூடக் கதாசிரியனின் ஃபோனில் இல்லை. அவன் குழந்தையை ஏன் வாங்கவில்லை என்றால், கையில் ஃபோன் இருந்தது.

4

ஹேவாஹெட்டவுக்குப் போகும் யோசனை அடிமட்டத்திலிருந்து வந்தது. அத்தான் பள்ளிக்கூட வரைபடத்தில் அம்பிட்டியவுக்கும் ஹேவாஹெட்டவுக்கும் நடுவே கோடு போடும் அடிமட்டத்தை வைத்தார்.

"ஊரில எங்கட வீட்டிலயிருந்து கீரிமலைக்குப் போற தூரமும் இல்லை. விடிய வெளிக்கிட்டா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திடலாம்."

யாழ்ப்பாணத்தில் இது பொய்யல்ல. அங்கே நிலம் வரைபடத்தைப் போலவே தட்டையாகக் கிடக்கும். அடிமட்டம் சொன்னால் சைக்கிளும் ஒத்துக்கொள்ளும்.

ஓட்டோக்காரர் வீரையாவிடம் கேட்டோம்.

(கேட்டார்கள்.)

"போயிருவோம் சார்," என்றார் வீரையா. அவர் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார். சந்திரனுக்கும் போயிருப்பார்.

லீவின் கடைசி வாரம், ஒரு வேலை நாள். தலாத்துஓயா தாண்டியதும் தெரு தன் வேலையைத் தொடங்கியது. ஒரு வளைவில் குழந்தை அக்காவின் மடியில் வாந்தி எடுத்தது. அடுத்ததில் அத்தானின் மடியில். அதற்கடுத்த வளைவு வருமுன் கதாசிரியன் முன்னால் நகர்ந்து வீரையாவின் இருக்கை ஓரத்தில் தொங்கிக்கொண்டான். கடைசியில் ஓட்டோவுக்கே முடியாமல் போய், தேயிலை மலைக்கு நடுவே புகைந்துகொண்டு நின்றது. தூறல் தொடங்கியது.

"சூடாகிருச்சு சார். கொஞ்சம் ஆறவிட்டா போயிருவோம்."

வீரையா நல்ல மனிதர். அக்காவின் பாவாடை இருந்த நிலையைப் பார்த்து, இருக்கைக்கு அடியிலிருந்த மழைக்கு மூடும் நீலப் பிளாஸ்திக் படங்கை எடுத்துக் கொடுத்தார். அக்கா அதை இடுப்பில் சுற்றிக்கொண்டாள். தூறலுக்குத் தலையில் துவாயைப் போட்டுக்கொண்டாள். குழந்தையைக் கழுவத் தண்ணீர் தேடி, தெருவுக்கு மேலே தெரிந்த சுண்ணாம்பு அடித்த கட்டிடத்தை நோக்கி ஏறினாள். ஆண்கள் மூவரும் இயந்திரத்தைப் பார்த்தார்கள். மூவரில் ஒருவருக்குத்தான் அதைப்பற்றித் தெரியும். அவரும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

5

அந்தக் கட்டிடம் பிள்ளைக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை அங்கே ஒப்படைத்துவிட்டுப் போவார்கள். கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் படங்கு சுற்றியிருப்பார்கள். தலையில் துணி போட்டிருப்பார்கள். இவை இரண்டும் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தவை. எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாதவை.

போத்தலோடு பின்னால் ஏறிய கதாசிரியன் கண்டது இதுதான். அரைக்கதவுக்கு உள்ளேயிருந்து பிள்ளை பார்க்கும் ஆயா இரண்டு கைகளை நீட்டினாள். அவள் பெயர் ராக்கம்மா என்பது பிறகு தெரிந்தது.

"ஏய், எந்த லயம் நீ? இம்புட்டு நேரங்கழிச்சா புள்ளயக் கொண்டாறது? கங்காணி அங்க கத்திக்கிட்டுக் கெடக்காரு."

"இல்லை, நான்—"

"வாந்தியா? நான் கழுவிக்கிறேன். குடு. நீ ஓடு, ஓடு, அரைப்பேரு போட்டுருவாரு."*

* லயம்: தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகள். கங்காணி: வேலையை மேற்பார்ப்பவர். அரைப்பேர்: அரைநாள் சம்பளம்.

குழந்தை கதவுக்கு மேலால் கை மாறியது. அது அழவில்லை. ராக்கம்மாவின் மூக்குத்தியைப் பார்த்துக்கொண்டு போனது.

இந்த இடத்தில் கதாசிரியன் ஃபோனை எடுத்துத் தயாராக நின்றான். அவனுக்கு அக்காவைத் தெரியும். வங்கியில் முன்னால் நின்ற சொந்தக்காரர் அவள் பேனையைக் கேட்காமல் எடுத்ததற்கு மூன்று தலைமுறை உறவை முறித்தவள். கணித ஆசிரியரின் மனைவியை, அதுவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவளை, 'நீ' என்று சொல்லிக் கொழுந்து பறிக்கத் துரத்தினால் என்ன நடக்கும்? மலை இடியும். அதைப் படம் பிடிக்க வேண்டும்.

அக்கா தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் வெறுமையாக இருந்தன. பிறகு திரும்பி, ராக்கம்மா காட்டிய பாதையில், தேயிலைக்குள் நடந்து போய்விட்டாள்.

6

(பாத்திரம் நம்பும்படியாக இல்லை. ஒரு பந்தி முன்னால் மூன்று தலைமுறையை முறித்தவள் இங்கே வாய் திறக்காமல் போவது எப்படி? கதாசிரியன் இந்த இடத்தை மூன்று முறை திருத்தினான். ஒன்றில் அக்கா ராக்கம்மாவைத் திட்டுகிறாள். ஒன்றில் அழுகிறாள். இரண்டும் நன்றாக வந்தன. நடந்தது மட்டும் நன்றாக வரவில்லை.)

7

அத்தான் விஷயம் அறிந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அரைக்கதவுக்குப் போனார்.

"அம்மா, ஒரு பிழை நடந்துபோச்சு. நான் மாஸ்டர். அது எங்கட பிள்ளை."

"மெதுவாப் பேசுங்க சார். இப்பத்தான் கண்ணசந்திருக்கு. யாரு புள்ளையா இருந்தா என்னா, ஒண்ணு முழிச்சா மொத்தமும் முழிச்சிக்கிரும்."

உள்ளே வரிசையாகத் துணித் தொட்டில்கள். ஒன்றில் எங்கள் பிள்ளையின் கால் மட்டும் தெரிந்தது. கண்டிக்கு வந்த நாளிலிருந்து பகலில் தூங்காத பிள்ளை.

"என்ர மனுசி எங்க?"

"கொழுந்துக்குப் போயிருப்பா. எங்கிட்டுப் போவா?"

அத்தான் பாதையில் ஓடினார். வளைவு வரை ஓடித் திரும்பி வந்தார். தேயிலை, தேயிலை, தூறல்.

"போட்டாளடா தம்பி. பஸ் ஏறிப் போட்டாள்."

"பிள்ளையை விட்டிட்டுப் போவாவே அத்தான்?"

அத்தான் ஓட்டோவின் படியில் குந்தினார். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் காட்டிப்போட்டன். இனிக் காட்டுறதுக்கு ஒண்டுமில்லை."

கதாசிரியன் அந்த இடத்தில் ஒரு நகைச்சுவை வைத்திருந்தான். இப்போது தேடினால் காணவில்லை.

அக்கா வந்தபோது தூறல் விட்டிருந்தது. படங்கு இன்னும் இடுப்பில். நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"எங்க போனனீர்?"

"அங்கால ஒரு கல்லுக் கிடந்தது. இருந்தனான்."

"இவ்வளவு நேரமும் என்ன பாத்தனீர்?"

"ஒண்டும் பாக்கேல்லை. சும்மா இருந்தனான்." படங்கை அவிழ்த்து மடித்தாள். "ஊரில பிள்ளையை அம்மா வைச்சிருப்பா. பக்கத்து வளவுக்காரர் கேட்டு வாங்கிக்கொண்டு போவினம். இஞ்ச வந்த பிறகு இப்பதான் அவளை ஒரு ஆள் என்ர கையிலயிருந்து வாங்கினது."

அத்தான் எதையும் விளங்கப்படுத்தவில்லை. கதாசிரியன் தேயிலையைப் பார்த்தான். திடீரென்று தேயிலையில் பார்ப்பதற்கு நிறைய இருந்தது.

8

வாசகருக்குத் தேர்வு செய்ய:

முடிவு (அ). அக்கா போகிறாள். பஸ் புறப்படுகிறது. அத்தான் கை காட்டுகிறார். கதாசிரியன் பருப்புக்குத் திரும்புகிறான். யதார்த்தமான முடிவு; ஆகவே பரிசு கிடைக்கும்.

முடிவு (ஆ). மேகம் விலகுகிறது. "இனி இதுதான் எங்கட ஊர்," என்கிறாள் அக்கா. அக்கா பிறந்ததிலிருந்து இப்படியொரு வசனம் சொன்னதில்லை. சொன்னால் நெற்றியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

முடிவு (இ). மாணவர் மலரின் பொறுப்பாசிரியர் கேட்டுக்கொண்டது: ராக்கம்மாவும் அக்காவும் கைகோத்து நிற்க, வடக்கும் மலையகமும் ஒன்றாகிச் சூரியன் உதிக்கிறது. (அப்போது பின்னேரம். மேலும், உண்மை தெரிந்ததும் ராக்கம்மா, "அடியாத்தி, படங்கு கட்டிக்கிட்டு வந்தா யாரு கண்டா!" என்று சிரித்த சிரிப்பில் தொட்டில் முழுக்க எழும்பிவிட்டது. பழியை அக்கா மீது போட்டாள். "அடுத்த தடவ வெள்ளனாவே கொண்டாந்துரு" என்றும் சொன்னாள். இதில் எங்கே சூரியன் உதிப்பது?)

9

இன்று சனிக்கிழமை. திங்கள் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. அக்கா போகிறாளா, இருக்கிறாளா என்பதைக் கதாசிரியன் எழுதப்போவதில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் உள்ளே தூங்குகிறாள். அவசரப்படும் வாசகர்கள் போய்க் கேட்கலாம். கதவு சாத்தித்தான் கிடக்கிறது, பூட்டவில்லை. ஆனால் எழுப்பினால் பொறுப்பு உங்களுடையது.

சனிக்கிழமைகளில் இங்கே அவனுக்குச் சோறு கிடையாது. அத்தானும் கடைத்தெருவுக்குப் போய்விட்டார். என்றாலும் கதாசிரியன் அம்பிட்டியத் தெருவில் நிற்கிறான். ஃபோன் வீட்டு மேசையில் கிடக்கிறது. இடுப்பில் பிள்ளை. கனக்கிறது. வலது கை மரத்துவிட்டதால் இடது பக்கம் மாற்றுகிறான். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை என்பதை இருபுறமும் பார்த்து உறுதி செய்துகொள்கிறான்.

"பிள்ளை, அந்தா தெரியுது பாருங்கோ. அதுதான் ஹந்தானை மலை."

பிள்ளை மதிலில் ஏறிக்கொண்டிருந்த நத்தையைப் பார்த்தது.

"இஞ்ச பாருங்கோ," என்றான் அவன், குரலைத் தாழ்த்தி. "அதுக்கு அங்கால போனா, மகாவலி இருக்கெல்லே, அது எங்கயிருந்து வருதெண்டா—"