ஒரே கடை, இரண்டு குறி

மலாய் ஊரான காஜா பெராங்கில் மருதமுத்துவும் ஜெயபாலனும் தங்கள் டோபிக் கடைகளை ஒன்றாகச் சேர்த்தபோது, சேர்ந்தது கூரையும் இஸ்திரிப் பெட்டிகளும்தான். குறிகள் சேரவில்லை. துணி ஓரத்தில் சேங்கொட்டை மையால் மூன்று புள்ளி வைத்தால், மருதமுத்துவுக்கு அது தெங்கேராப் பகுதியில் இருக்கும் நூர்ஜஹான் வீடு. ஜெயபாலனுக்குச் செமாபோக் பகுதியில் இருக்கும் போலீஸ் சார்ஜன் வீடு. எது யாருடையது என்று பிரித்துக் கட்டுவது கடையில் வேலை செய்யும் ருக்மணி. புள்ளியின் பருமனைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தான் இல்லாவிட்டால் கடை ஓடாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அதை ஏன் மறைக்க வேண்டும்?

1957 ஜூலையில் அந்தத் தலைக்கனமே அவள் காலைக் கட்டிப் போட்டது. சிரம்பானில் மகள் விஜயாவுக்கு முதல் பிரசவம். போனால் நாற்பது நாளாவது கூட இருக்க வேண்டும். இருவரின் குறிகளையும் எதிரெதிரே வரைந்து ஒரு நோட்டுப் புத்தகம் தயார் செய்தாள். சோதித்துப் பார்க்க ஒரு வெள்ளிக்கிழமை வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

சாயங்காலம் இருவரும் அவள் வாசலில் நின்றார்கள். சார்ஜனின் சட்டைகள் நூர்ஜஹான் வீட்டுக்குப் போயிருந்தன. அந்த அம்மாள் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டி, கஞ்சி போட்டு விறைப்பாக, போலீஸ் குடியிருப்புக்குப் போயிருந்தது. புள்ளியின் பருமன் நோட்டில் ஏறவில்லை.

"இன்னொரு நோட்டு எழுதிக் குடுங்கக்கா, வெவரமா," என்றார் ஜெயபாலன்.

ருக்மணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இத்தனை நாளும் இவர்களை மாறவிடாமல் வைத்திருந்தது தானேதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"எத்தன நோட்டு எழுதுனாலும் நடுவுல நான் நிக்கணும் தம்பி. குறியவே மாத்துங்க. கடைக்கே ஒரே நம்பர் வரிசை. எல்லாத் துணிக்கும் புதுசா போடணும்."

"அது எங்கப்பா காலத்துக் குறிம்மா," என்றார் மருதமுத்து.

"தெரியும்ண்ணே. எம்மவளுக்கு இது தலைப்பிரசவம். நீங்க மாத்தலேன்னா என்னால போக முடியாது."

மருதமுத்து மறுநாள் காலையில் கடைக்கு வந்ததும் தன் சட்டையைக் கழற்றி, காலருக்குள் இருந்த தகப்பனார் காலத்துக் குறியை மையால் அடித்துவிட்டு, பக்கத்தில் 1 என்று எழுதினார். ஜெயபாலன் தன் சட்டையில் 2 போட்டார். வாடிக்கை வீடுகள் எல்லாவற்றுக்கும் எண் போட்டு முடிக்க ஒன்பது நாள் ஆயிற்று.

ருக்மணி பஸ் ஏறினாள். பேத்தியைக் கையில் வாங்கினாள். அவள் திரும்பியது செப்டம்பரில். நாடு சுதந்திரம் வாங்கியிருந்தது. கடையில் மூட்டைகள் எண் வரிசையில் அடுக்கியிருந்தன. யாரும் அவளிடம் எதையும் கேட்கவில்லை. அவள் வழக்கமாக நிற்கும் இடத்தில் புதிதாக ஓர் இஸ்திரி மேசை கிடந்தது. அவளுக்கு வலிக்கத்தான் செய்தது.

அந்த மேசையைத் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பொங்கலுக்கு மறுபடியும் பேத்தியப் பாக்கப் போவேன்," என்றாள்.

"போய்ட்டு வாம்மா," என்றார் மருதமுத்து, துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.