மூன்று ஸ்பூனா, ஆறு ஸ்பூனா

எங்கள் வீட்டுக் காப்பியில் டிகாக்ஷன் என் இலாகா, பால் டீச்சரின் இலாகா. டீச்சர் என்றால் என் மனைவி. முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்துவிட்டுப் போன வருடம்தான் ஓய்வு பெற்றாள். கல்யாணமான புதிதில் கிண்டலுக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தேன், அதுவே ஒட்டிக்கொண்டது. அவள் பதிலுக்கு எனக்கு எந்தப் பட்டமும் வைக்கவில்லை. வைக்கிற அளவுக்கு நான் ஒன்றும் செய்துவிடவில்லை என்பது அவள் கட்சி.

நான் காலை ஐந்து மணிக்கு எழுந்துவிடுவேன். ஃபில்டரின் மேல் பாத்திரத்தில் மூன்று ஸ்பூன் பொடி போட்டு, காம்புள்ள குடைத் தட்டை வைத்து ஒரே ஒரு அமுக்கு. ரொம்ப அமுக்கினால் சொட்டு இறங்காது. அமுக்காமல் விட்டாலோ தண்ணீர் கடகடவென்று ஓடிப்போய், கிடைப்பது பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும். கொதித்த தண்ணீரை ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றி ஊற்றி, மூடியைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போவேன். குளித்து, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தால், கீழ்ப் பாத்திரத்தில் முக்கால் அளவுக்குக் கறுப்பாக இறங்கியிருக்கும். டீச்சர் வந்து பால் காய்ச்சிக் கலப்பாள். நான் ஆஸ்பத்திரி மருந்துக்கூடத்தில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். அளவு தவறாமல் இருப்பதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அந்தத் திமிர் எனக்கு டிகாக்ஷன் விஷயத்திலும் உண்டு.

ஒரு திங்கட்கிழமை காலை அந்தத் திமிர் சமையல் மேடையில் வழிந்து ஓடியது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் கீழ்ப் பாத்திரம் நிரம்பி, டிகாக்ஷன் அடுப்புக்கு அடியில் புகுந்து, தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது. ஒரு தடவை ஊற்றுகிற தண்ணீருக்கு அந்தப் பாத்திரம் நிரம்பவே நிரம்பாது. அப்படியானால் இரண்டு தடவை ஊற்றியிருக்கிறேன். எப்போது ஊற்றினேன்? துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேந்தப் பேந்த விழித்தேன்.

டீச்சர் பால்கனியில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போவது நின்றதிலிருந்து அவளுக்கும் தூக்கம் குறைந்துவிட்டது, ஐந்தரைக்கெல்லாம் எழுந்துவிடுகிறாள்.

"டீச்சர், ஃபில்டரை ஏதாவது தொட்டியா?"

"உங்க இலாகாவுல நான் எதுக்குக் கை வைக்கப் போறேன்? ஏன், கொட்டிட்டீங்களா?"

"கொட்டலை. வழிஞ்சிருக்கு."

"தானா வழியுமா? யாராவது ஊத்தினாத்தானே வழியும்."

வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஒருத்தி தொடவில்லை என்கிறாள். கழித்தால் மிச்சம் நான்தான். இந்தக் கணக்குக்கு டீச்சர் தேவையில்லை. துணியை எடுத்துத் தரையைத் துடைத்தேன்.

புதன்கிழமை வேறு மாதிரி ஆயிற்று. ஏழு மணி வரைக்கும் ஒரு சொட்டு இறங்கவில்லை. மூடியைத் திறந்தால் மேல் பாத்திரம் கழுத்து வரைக்கும் சேறு மாதிரி பொடி. மூன்று ஸ்பூனுக்கு இவ்வளவு வராது, ஆறாவது இருக்கும். நான் போட்டது மூன்றா, ஆறா? மூன்று என்று கை சொல்கிறது, ஆறு என்று கண் சொல்கிறது. அன்றைக்கு இருவரும் வெறும் பாலைக் குடித்தோம். டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் கிண்டல் இருந்தது, கொஞ்சம் கவலையும் இருந்தது. அந்தக் கவலைதான் எனக்குப் பயம் கொடுத்தது.

வியாழன், வெள்ளி எல்லாம் சரியாக இருந்தது. அப்பாடா என்று இருந்தேன். சனிக்கிழமை மறுபடியும் மேடை முழுக்க வெள்ளம்.

ஃபில்டரைச் சந்தேகப்பட்டேன். துளைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. பொடி அரைக்கிற கடையைச் சந்தேகப்பட்டேன். எலியைக்கூடச் சந்தேகப்பட்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். எலி பொடியைத் தின்னலாம், அளந்து போடுமா? டீச்சரை மட்டும் சந்தேகப்படத் தோன்றவேயில்லை. ஏனென்றால் எங்கள் வீட்டில் ஞாபகம் என்றால் அவள்தான். சொந்தக்காரர்கள் அத்தனை பேரின் போன் நம்பரும் அவள் நாக்கு நுனியில் இருக்கும். இருபது வருடத்துக்கு முந்தைய சண்டையைத் தேதி, கிழமையோடு சொல்வாள், அன்றைக்கு நான் என்ன சட்டை போட்டிருந்தேன் என்பது உட்பட. நானோ மாமனார் வீட்டுக்கு என் செருப்பில் போய் அவர் செருப்பில் திரும்பி வந்தவன். மருந்துக்கூடத்துக்குள் ஒரு மில்லிகிராம் பிசகாது, வெளியே வந்தால் குடையைப் பஸ்ஸில் விட்டுவிடுவேன். ஆகவே எங்களுக்குள் எது எப்படி நடந்தது என்று தகராறு வந்தால், அவள் சொல்வதுதான் நடந்தது. முப்பது வருடமாக இதுதான் ஏற்பாடு.

அடுத்த வாரம் மகள் போன் செய்து, வருகிற ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு வருவதாகச் சொன்னாள். நான் அதை டீச்சரிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டு, மெத்தை உறையை மாற்ற வேண்டும் என்றுகூடச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மகள் வந்து கதவைத் தட்டியதும் டீச்சர் திகைத்துப் போய்விட்டாள்.

"என்னடி இது, சொல்லாம கொள்ளாம!"

"அப்பாகிட்ட சொன்னேனேம்மா."

"உங்கப்பா எங்க சொன்னாரு? அவருக்கு இப்பல்லாம் ஒண்ணும் நிக்கிறதில்லை. டிகாக்ஷனுக்கே ரெண்டு தடவை தண்ணி ஊத்துறாரு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னதாக எனக்கு ஞாபகம். மெத்தை உறைப் பேச்சுக்கூட ஞாபகம். ஆனால் அதுவும் நானாகக் கற்பனை செய்துகொண்டதுதானோ? "சொல்லியிருக்க மாட்டேன்போல" என்றேன். மத்தியானம் மகள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பா, நீங்க ஒரு டாக்டரைப் பாருங்களேன்" என்றாள். சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோல் அவ்வளவு மெதுவாகச் சொன்னாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் பேரனிடம் போய் உட்கார்ந்துகொண்டேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனபோது பயம் கூடவே வந்தது. காப்பி வழிந்தால் துணி போதும். ஒரு குழந்தைக்கு அரை மாத்திரை கொடுக்க வேண்டிய இடத்தில் இரண்டு கொடுத்துவிட்டால்? ஒவ்வொரு சீட்டையும் மூன்று தடவை படித்தேன். கொடுத்து அனுப்பிய பிறகு ஒரு பெண்மணியை வாசல் வரை ஓடிப்போய்க் கூப்பிட்டு, கவரைப் பிரித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது. வரிசை படிக்கட்டு வரைக்கும் நீண்டது. எங்கள் மேலதிகாரி அம்மாள் எட்டிப் பார்த்து, "என்ன ஆச்சு உங்களுக்கு, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நல்ல மனுஷி. அவரிடம் என்னவென்று சொல்வது?

எங்கள் மருந்துக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மருந்தை எடுத்தவன் கவர் மேல் கையெழுத்துப் போட வேண்டும். சரிபார்த்தவன் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று போட வேண்டும். கையெழுத்து இல்லாத கவர் ஜன்னலைத் தாண்டாது. அதையே வீட்டிலும் செய்து பார்ப்பது என்று முடிவு செய்தேன். செவ்வாய்க்கிழமை காலை சட்டைப் பையில் ஒரு தாள். பொடி மூன்று ஸ்பூன், மணி ஐந்து இரண்டு, கையெழுத்து. குடை, ஐந்து மூன்று, கையெழுத்து. தண்ணீர், ஐந்து ஆறு, கையெழுத்து. செய்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் மேடையில் வெள்ளம். தாளை எடுத்தேன். தண்ணீர் ஒரு தடவைதான், கையெழுத்தும் ஒன்றுதான்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இன்னொருவனாக இருந்தால் 'தப்பு என் மேல் இல்லை' என்று துள்ளிக் குதித்திருப்பான். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. தண்ணீர் ஊற்றியதையே மறக்கிறவன், எழுதுவதை மட்டும் ஞாபகம் வைத்திருப்பானா? இரண்டாம் தடவை ஊற்றியிருக்கிறேன், எழுத மறந்திருக்கிறேன். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே உட்கார்ந்து, என் ஞாபகத்தை நான் நம்ப முடியவில்லை, வேலையிலிருந்து விடுவித்துவிடுங்கள் என்று மேலதிகாரிக்குக் கடிதம் எழுதினேன். எழுதி முடித்ததும் கண் கலங்கியது. முப்பத்து மூன்று வருடம் அந்த ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். அந்த ஜன்னல் இல்லாமல் நான் யார் என்று எனக்குத் தெரியவில்லை. டீச்சரிடம் சொல்லவில்லை. கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை, கொடுப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை என் கண்ணால் பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றினேன். குளிக்கப் போகவில்லை. ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன். என் கைகளை மடியில் வைத்து, அவை இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவை எழுந்து போய் ஊற்றினால் இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

ஐந்தரைக்கு டீச்சர் வந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. கொண்டையை முடிந்துகொண்டே அடுப்பைப் பற்ற வைத்துத் தண்ணீரைக் கொதிக்க விட்டாள். ஃபில்டரின் மூடியைத் திறந்து, பொடி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தாள். பிறகு கொதித்த தண்ணீரை எடுத்து ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றி ஊற்றினாள், நான் ஊற்றுவது போலவே.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! தலையில் இருந்த பாறையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது. நான் இல்லை! என் மூளை என்னிடம் பத்திரமாக இருக்கிறது! கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழிக்கலாம். ஸ்டூலிலிருந்து குதித்து எழுந்து கைதட்டினேன்.

"மாட்டினியா டீச்சர்! பதினாறு நாளா என்னைப் பைத்தியம் ஆக்கிட்டியே!"

அவள் திடுக்கிட்டு நெஞ்சில் கை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டீங்களா? கதவு சத்தமே கேக்கலை. நைட் டியூட்டி ரொம்ப அலைச்சலா? முகமே வாடிப் போயிருக்கு. இருங்க, இப்பத்தான் டிகாக்ஷன் போட்டேன். சூடா குடிச்சிட்டுப் படுங்க."

நான் சிரித்துக்கொண்டே இருந்தேன். நடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

"போதும் டீச்சர், விளையாட்டு."

"ஷ்! மெதுவா பேசுங்க. பாப்பா இப்பத்தான் தூங்கினா."

நான் நைட் டியூட்டி பார்த்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பாப்பாவுக்கு இப்போது ஒரு பையன் இருக்கிறான். டீச்சரின் முகத்தில் விளையாட்டு எதுவும் இல்லை. அந்தக் காலத்தில் நான் விடியற்காலையில் களைத்துப் போய் வரும்போது எப்படிப் பார்ப்பாளோ, அப்படிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறந்தே போயிருந்தேன். என் கன்னத்தைத் தொட்டுவிட்டு, பால்கனிப் பக்கம் போய்விட்டாள்.

நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை, புதன்கிழமை, சனிக்கிழமை, மகள் வந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒவ்வொன்றாக இடம் மாறி உட்கார்ந்தன. 'தொட்டியா' என்று கேட்டதற்கு 'இல்லை' என்றாளே, அது பொய் இல்லை. இத்தனை நாளும் அது நானாக இருக்கக் கூடாது, நானாக இருக்கக் கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன். இப்போது, அது நானாகவே இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது. எனக்கு வந்திருந்தால் அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. அவளுக்கு வந்தால் நான் என்ன செய்வேன்? எந்தச் சாவி எந்த டப்பாவில் இருக்கிறது என்பதுகூட அவளைக் கேட்டால்தான் எனக்குத் தெரியும்.

எவ்வளவு நேரம் போனதோ. காலடிச் சத்தம் கேட்டது. டீச்சர் வாசல் நிலையில் கையை ஊன்றிக்கொண்டு மேடையைப் பார்த்தாள். கீழ்ப் பாத்திரம் நிரம்பி, டிகாக்ஷன் விளிம்பு தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவள் முகம் இப்போது அவளுடைய வழக்கமான முகம்.

"என்னங்க இது! இங்கேயே உக்காந்துக்கிட்டு வழிய விட்டிருக்கீங்க? மறுபடியும் ரெண்டு தடவை ஊத்திட்டீங்களா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"ஆமா டீச்சர்" என்றேன். "மறந்துட்டேன்."

அவள் துணியை எடுக்கவில்லை. திட்டவும் இல்லை. பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தாள்.

"எனக்குப் பயமா இருக்குங்க. பாப்பாகூடச் சொன்னா. இன்னிக்கே ஒரு டாக்டர்கிட்ட காட்டிடலாம். நானும் கூட வர்றேன், சரியா?"

"நீ வரலைன்னா நான் போக மாட்டேன்" என்றேன்.