மூன்றாவது வரி காலியாக இருந்த அட்டை

1

நன்றிக் கடிதம் எழுதத்தான் உட்கார்ந்தேன். 'அன்புள்ள அக்கா' என்பதற்கு மேல் பேனா நகரவில்லை. கடிதம் என்றால் உள்ளதை உள்ளபடி எழுத வேண்டும். கதை என்றால் கொஞ்சம் ஒளிந்துகொள்ளலாம். அதனால் கதை.

2

முதல் தொடக்கம்: லிஃப்ட் பராமரிப்புக் கம்பெனியின் மேற்பார்வையாளர் அன்று காலை ஒரு மாபெரும்...

(வேண்டாம். அக்காவிடம் மாபெரும் என்று சொல்ல டிபன் பாக்ஸைத் தவிர எதுவும் கிடையாது.)

இரண்டாவது தொடக்கம்: கம்பெனியில் ஒருநாள் பயிற்சி வகுப்பு. 'உங்கள் மூன்று விழுமியங்களை எழுதுங்கள்' என்று ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். எல்லோரும் பக்கத்து அட்டையைப் பார்த்து நேர்மை, உழைப்பு, ஒற்றுமை என்று எழுதி முடித்தார்கள். மெக்கானிக்குகளைக் கட்டி மேய்க்கும் அக்கா மட்டும் இரண்டே வரி எழுதினார்: 'பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். தப்பை ஒத்துக்கொண்டவரைக் கைவிட மாட்டேன்.'

"மூணாவது?" என்றார் வகுப்பெடுத்தவர்.

"இன்னும் தெரியல சார். தெரிஞ்சதும் எழுதுறேன்."

அன்றிலிருந்து அவர் ரெண்டு வரி அக்கா.

3

எட்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் பிரேக்கைச் சோதிக்காமலே சோதனைத் தாளில் 'சரி' என்று கையெழுத்துப் போட்டுவிட்டான் ஒரு மெக்கானிக். குழந்தைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து...

(பொய். அவனுக்குக் கல்யாணமே ஆகவில்லை. மேலே ஏறச் சோம்பல், அவ்வளவுதான்.)

மறுநாள் காலை மனசு கேட்காமல் அக்காவிடம் வந்து சொன்னான். அக்கா திட்டவில்லை. உடனே போன் செய்து லிஃப்டை நிறுத்தச் சொன்னார். அவனையும் கூட்டிக்கொண்டு எட்டு மாடியும் படியேறிப் போய்ப் பிரேக்கைக் கழற்றினார். தேய்ந்துபோயிருந்தது.

4

லிஃப்ட் நின்ற விஷயம் காதுக்கு எட்டி, மதியம் முதலாளி அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் அந்தச் சோதனைத் தாள். மெக்கானிக் கதவருகே நின்றான்.

"எவன் கையெழுத்து இது? இன்னிக்கே அவன வீட்டுக்கு அனுப்பிடுங்க."

அக்காவின் இரண்டு வரிகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. பெயரைச் சொன்னால் இரண்டாவது போச்சு, மறைத்தால் முதலாவது போச்சு. இந்த இடத்தில் நான் மூன்று வாரம் மாட்டிக்கொண்டு கிடந்தேன். அக்காவுக்கு மூன்று நொடிதான் ஆனது.

"ரெண்டு கையெழுத்து இருக்கு சார். மேல இருக்கிறது இவரோடது. இவரே வந்து சொன்னதாலதான் யாருக்கும் ஒண்ணும் ஆகல. கீழ, சரிபார்த்ததா போட்டிருக்கிறது என்னோடது. நானும் போய்ப் பாக்கல. அனுப்புறதுன்னா என்கிட்டேருந்து ஆரம்பிங்க."

5

முடிவு அ: முதலாளி மனம் உருகி... (அவரைத் தெரியாதவர்கள்தான் நம்புவார்கள்.)

முடிவு ஆ: அக்காவின் வேலை... (எழுதக் கை வரவில்லை.)

நடந்தது: இருவருக்கும் எச்சரிக்கைக் கடிதம். மெக்கானிக் அதன்பிறகு எந்த மாடியையும் ஏறாமல் விட்டதில்லை. இன்று அவனுக்குக் கீழே பதினோரு பேர். தாளில் மேலே அவர்கள் கையெழுத்து, கீழே என்னுடையது.

(அவன், என்னுடையது. சரி, மாட்டிக்கொண்டேன். நன்றி அக்கா. இதைச் சொல்லத்தான் இத்தனை சுற்று.)

ஓய்வு பெற்ற அன்று அக்கா அந்த அட்டையை என்னிடம் கொடுத்தார். மூன்றாவது வரி அப்போதும் காலி. "நீ எழுதிக்கோ" என்றார். இந்தக் கதையை அந்த வரியோடு முடிப்பதாக இருந்தேன். ஆனால் என் ஆள் ஒருவர் கதவருகே வந்து நிற்கிறார்.

"சார், ஒரு விஷயம் சொல்லணும்."

அவருக்கு நாற்காலி போட வேண்டும். பேனாவை நீங்கள் பிடியுங்கள்.

3. ........................