சம்பந்தி மாலையும் கம்ப்யூட்டர் மீனும்

ஒச்சப்பனுக்குக் கம்ப்யூட்டர் மேல் நம்பிக்கை கிடையாது. கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் மேல் அதைவிடக் கிடையாது. கொச்சி நகரசபையில் முப்பத்தொரு வருஷம் சாக்கடை ஓடைகளில் அடைப்பு எடுத்தவர். மூடிக் கிடக்கிற எதையும் திறந்து பார்க்காமல் நம்பமாட்டார்.

அப்பேர்ப்பட்டவர், இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் ஒரு வியாழக்கிழமை, வீடியோ கேசட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மட்டாஞ்சேரியில் சஜியின் ஸ்டுடியோவுக்குப் போனார் என்றால், அதற்குக் காரணம் சம்பந்தி இசக்கிதுரை.

மகள் விஜியின் கல்யாணத்தில் சம்பந்திகள் இருவரும் மாலை மாற்றிக்கொண்டார்கள். "நான் போட்டேன், அவர் எனக்குப் போடவே இல்லை" என்று இசக்கிதுரை ஐந்து வருஷமாகச் சொல்லித் திரிந்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒச்சப்பன் வீட்டில் பேத்திக்குக் காதுகுத்து. மாலை போடாதவர் வாசலை மிதிக்கமாட்டேன், பேத்தியையும் அனுப்பமாட்டேன் என்று திருப்பூணித்துறையிலிருந்து ஆள் சொல்லிவிட்டாயிற்று. மாலை போட்டது கேசட்டில் இருக்கிறது. ஆனால் கேசட் போடுகிற டெக் இரண்டு வீட்டிலும் செத்துப்போய்விட்டது. இசக்கிதுரை வீட்டில் சீடி போடுகிற பெட்டிதான் உண்டு.

"கேசட்டை வெச்சிட்டுப் போங்க மாமா. சாயங்காலம் சீடி தரேன்" என்றான் சஜி.

"வெச்சிட்டுப் போறதுக்கு இது என்ன சைக்கிளா? நான் இங்கேயே உக்காந்திருப்பேன். என் கேசட் ஓடறப்ப அந்தக் கம்ப்யூட்டர் பெட்டியை ஒருத்தனும் தொடக்கூடாது. நீயும்தான்."

"ஓ, ஆயிக்கோட்டே" என்று மலையாளத்தில் சம்மதித்துச் சிரித்தான் சஜி. டெக்கிலிருந்து ஒரு வயர் டிவிக்கும் இன்னொன்று கம்ப்யூட்டருக்கும் போனது. ஒரு பட்டனை அமுக்கிவிட்டு, முன்னறையில் பாஸ்போர்ட் போட்டோவுக்குக் காத்திருந்தவர்களைக் கவனிக்கப் போய்விட்டான். ஒச்சப்பன் ஸ்டூலில் காவல் இருந்தார்.

ஓடி முடிந்ததும் கம்ப்யூட்டருக்குள் ஏறிய படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். மண்டபம் வந்தது, நாதஸ்வரம் வந்தது. இசக்கிதுரை போட்ட மாலை ஒச்சப்பன் கழுத்தில் விழுந்தது. ஒச்சப்பன் தட்டிலிருந்து தன் மாலையை எடுத்தார். படம் அப்படியே நின்றது. சத்தம் மட்டும் ஓடியது. மறுபடி படம் அசைந்தபோது இசக்கிதுரை பந்தியில் அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் எல்லாமே நொண்டி நொண்டித்தான் வந்தது.

"அடப்பாவி! இசக்கிதுரை உனக்குப் பொரோட்டா வாங்கிக் குடுத்தானா?"

"சத்தியமா அவரை எனக்குத் தெரியாது மாமா. இது கோடெக் பிரச்சனை."

"அது எவன்?"

"ஆள் இல்ல மாமா. படத்தைச் சுருக்கி மடிச்சு உள்ள வெக்கிற ஏற்பாடு. வேற ஒண்ணு போட்டுப் பாக்கலாம்."

வேறு போட்டார்கள். அதே இடத்தில் நின்றது. ஸ்பிரிட் தொட்டு, டெக்கில் நாடா உரசுகிற ஹெட்டைத் துடைத்தான். அதே இடம். வெள்ளிக்கிழமை, புள்ளி போக்குகிற ஃபில்டர் ஒன்றைப் போட்டான். கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேர் முகமும் எண்ணெய் தடவிய கத்தரிக்காய் மாதிரி பளபளத்தது. மாலை மட்டும் விழவில்லை.

"அந்த இடத்துல கேசட்டே போயிருக்கும் மாமா" என்றான் சஜி, சாயாவை உறிஞ்சிக்கொண்டு.

ஒச்சப்பன் எழுந்து நின்றார். "டிவியில நல்லாத்தானே ஓடுது? அடைப்புக்கு மேல தண்ணி நிக்கும், கீழ காயும். டிவி வரைக்கும் தண்ணி வருது. அடைப்பு உன் பெட்டிக்குள்ளதான்டா."

சஜி இன்னொரு தடவை ஓடவிட்டான். இந்த முறை அவனையும் எழுந்து போக விடவில்லை ஒச்சப்பன். பக்கத்தில் பெஞ்சில் உட்கார வைத்தார். கொஞ்ச நேரம் போனது.

"இப்ப மீன் வரும் பாரு" என்றார்.

"என்ன மீன்?"

"மஞ்ச மீன். மாலை மாத்தற நேரத்துக்குக் கரெக்டா வரும். பின்னாலேயே ஒரு ஆமையும் வரும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, கம்ப்யூட்டர் திரை முழுக்க நீலத் தண்ணீர் நிறைந்தது. மஞ்சள் மீன் வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

சஜி தலையில் அடித்துக்கொண்டான். "எண்டெ மாமா! ரெண்டு நாளா இதைப் பாத்துட்டா இருக்கீங்க? சொல்லக்கூடாதா?"

"உன் வேலையில அதுவும் ஒண்ணுன்னு நினைச்சேன். நல்லாவும் இருந்துச்சு."

"பத்து நிமிஷம் யாரும் மவுஸைத் தொடலைன்னா ஆள் இல்லைன்னு நினைச்சு இது மீன் காட்ட ஆரம்பிச்சிரும். பழைய மெஷின். மீனையும் காட்டி உங்க கல்யாணத்தையும் புடிக்க இதால முடியல. படத்தைக் கீழ விட்டுருது."

"தொட்டிருந்தா?"

"மீனே வந்திருக்காது. தொடக்கூடாதுன்னு யாரு சொன்னா?"

ஒச்சப்பன் தொண்டையைச் செருமினார். "நான் சொன்னா? நீதானே படிச்சவன்!"

சஜி மீனை நிறுத்திவிட்டு, கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டான். நிறுத்தியதாக அவன் சொன்னதை ஒச்சப்பன் நம்பவில்லை. கேசட் முடியும்வரை மவுஸைப் பிடித்து, அடுப்பில் பாயசம் கிண்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தார். படம் நிற்காமல் ஓடி, மாலை இசக்கிதுரை கழுத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபில்டர் போடட்டுமா என்று கேட்டவனை முறைத்தார். "கத்தரிக்காய் வேணாம். உள்ளதை உள்ளபடி குடு."

சனிக்கிழமை காலை சீடியோடு திருப்பூணித்துறையில் இறங்கினார். இசக்கிதுரை வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. விஜிதான் சீடியை வாங்கிப் போட்டாள்.

திரையில் ஒச்சப்பன் மாலையை உயர்த்தினார். அதே நொடியில் இசக்கிதுரை பின்னால் திரும்பி, பந்தியில் தன் ஆட்களுக்கு இடம் பிடிக்கச் சொல்லி யாரையோ கை நீட்டி ஏசிக்கொண்டிருந்தார். மாலை பின்பக்கமாக விழுந்து ஒரு காதில் மாட்டியது. ஒச்சப்பன் அதை எடுத்துச் சரியாக இறக்கிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். இசக்கிதுரை திரும்பிப் பார்த்தபோது எதிரே அவருடைய தம்பி நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னொரு தடவை போடு" என்றார் இசக்கிதுரை.

மூன்று தடவை போட்டார்கள். மூன்றாவது தடவை விஜி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தம்பி போட்டான்னுல்ல இத்தனை வருஷமா நினைச்சேன்!" இசக்கிதுரை மீசையைத் தடவினார். "அது சரி, மாலை போடறவரு முன்னால வந்து போடறதில்லையா சம்பந்தி?"

"நீங்க எனக்கு முன்பக்கத்தைக் காட்டினாத்தானே!"

இசக்கிதுரை எழுந்து டிவியை அணைத்தார். பிறகு விஜியிடம், "உங்கப்பாவுக்குச் சாயா போடும்மா. குழந்தைக்கு அந்தப் பச்சைப் பாவாடையை எடுத்து வை. நாளைக்குக் காலையில எல்லாருமா முதல் பஸ்ஸுக்கே கிளம்பிரலாம்" என்றார்.