லாரி சார்ஜ் எடுத்துக்கொண்ட வியாழக்கிழமை

எங்கள் ஊரில் பத்து லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிய லாரிகள் டைனமோவை மட்டும் நம்பி ஓடுவதில்லை. ஏதாவது ஒரு பொறுப்பில் இருக்கும் மனிதர் அவற்றிடம் முறைப்படி சார்ஜ் ஒப்படைக்க வேண்டும். பானெட்டின் மேல் கையை வைத்து, "இனிமே நீ பாத்துக்க" என்று சொன்னால் போதும். டேஷ்போர்டில் எரியும் சிவப்பு விளக்கு அணைந்துவிடும்.

அப்பாவின் லாரிக்குச் சார்ஜ் கொடுத்திருந்தவர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா. அதனால் அது கோயில்களைக் கண்டால் வேகத்தைக் குறைக்கும். புரட்டாசி சனிக்கிழமைகளில் முட்டை லோடு ஏற்றினால் ஸ்டார்ட் ஆகாது. மற்றபடி நல்ல வண்டி. போன வாரம் பூச்சாட்டுத் திருவிழாவில் ஏதோ மனஸ்தாபம் வந்து தர்மகர்த்தா பதவியை விட்டுவிட்டார். அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் எங்கள் வாசலில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அந்த வியாழக்கிழமை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு வண்டியைக் காட்டக் கடைசி நாள். வண்டி தானாக ஸ்டார்ட் ஆகி, சாயங்காலத்துக்குள் ஆய்வு மைதானத்தில் போய் நிற்க வேண்டும். கட்டி இழுத்துக்கொண்டு போனால் பார்க்க மாட்டார்கள். போகவில்லை என்றால் காயலான் கடைக்குக் கொடுத்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். அப்பாவுக்கு வேறு வண்டி கிடையாது, வேறு வேலையும் தெரியாது. காயலான் கடை பொன்னுரங்கம் காலையிலேயே கேஸ் கட்டரோடு வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஒண்ணும் அவசரப்படலீங்க" என்றார் அவர். "நீங்க பொறுமையா பாருங்க."

ஆட்டோ எலக்ட்ரீஷியன் யூசுப் அண்ணன் முதலில் சாதாரணக் கோளாறுகளைப் பார்த்தார். பேட்டரி டெர்மினலில் பூத்திருந்த பச்சையை வெந்நீர் ஊற்றிக் கழுவினார். பெல்ட்டை விரலால் அழுத்தினார். டைனமோவைப் பிரித்துக் கார்பன் பிரஷ் மாற்றினார். எர்த் ஒயரைச் சுரண்டி முறுக்கினார். வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து, மீட்டரை முதலில் டைனமோவிலும் பிறகு பேட்டரியிலும் வைத்தார். டைனமோவில் இருபத்தெட்டு வோல்ட் இருந்தது. பேட்டரியில் இருபத்துநாலுக்கு மேல் அசையவில்லை.

"டைனமோ குடுக்குதுண்ணா. வண்டிதான் வாங்கிக்கல."

"ஆள்தான் பாக்கோணும்" என்றார் அப்பா.

எங்கள் தெருவில் பொறுப்பில் இருந்தவர் வேளாண்மை அலுவலர் ஒருவர்தான். ஆனால் எங்கள் வட்டாரம் அவருக்குக் கூடுதல் பொறுப்பு. அவர் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து, பானெட்டைத் தொட்டு, சொல்ல வேண்டியதைச் சொன்னார். விளக்கு மங்கியது, அணையவில்லை. லாரி வாசல் கேட்டு வரை போய் நின்றுவிட்டது. யூசுப் அண்ணன் ஒயர் ஒயராகச் சோதித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். அலுவலர் எங்கள் வட்டாரத்துக்கு வருவது செவ்வாயும் வெள்ளியும் மட்டும்.

"நாளைக்குன்னா ஜம்முனு ஓடும்" என்றார் யூசுப் அண்ணன்.

பொன்னுரங்கம் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, அடிச்சட்டமான சேஸை முழத்தால் அளந்து பார்த்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தார்.

அப்பா என்னைப் பார்த்தார். "ஏங்கண்ணு, நீதான் நம்ம வூட்டுல முதல் பட்டதாரி. உங்கிட்ட ஒரு சார்ஜும் இல்லையா?"

"பட்டம் வேறப்பா, பொறுப்பு வேற. நான் எதுக்கும் பொறுப்புல இருந்ததில்ல. ஹாஸ்டல்ல மெஸ் செகரட்டரியா நிக்கச் சொன்னாங்க. பயந்துட்டு நிக்கல."

இல்லாத பொறுப்பை இருப்பதாகச் சொல்லி ஒப்படைத்தால் வண்டி நடுரோட்டில் நிற்கும். அதனால் உண்மையைச் சொல்வது முக்கியம் என்று நினைத்தேன்.

அம்மா மோர் கொண்டுவந்தாள். "யாரு சொன்னது இல்லைன்னு? வூட்டுக் கவலை மொத்தமும் அவளுதுதானே? ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தன்னைக்கே நான் குடுத்துட்டேன்."

அம்மா சொன்னது சரி. அன்று அவள் என் தலையில் கையை வைத்து, "இனிமே நீ பாத்துக்க கண்ணு" என்று சொன்னாள். அன்றிலிருந்து அவள் படுத்தவுடன் தூங்குகிறாள். நான் தூங்குவதில்லை. இவ்வளவு நாளாக அது என் சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

"வேண்டாங்கண்ணு, கஷ்டம்னா விட்ரு" என்றார் அப்பா. அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் கவலையாகிவிட்டது. மீட்டர் முள் லேசாக அசைந்தது.

"அண்ணா, சரியான எடம்தான்" என்று யூசுப் அண்ணன் கத்தினார். "பாப்பா, ஒவ்வொண்ணா எறக்கு. மொத்தமா குடுத்தா பேட்டரி கொதிச்சுரும்."

நான் பானெட்டில் கையை வைத்தேன். முதலில் கேஸ் சிலிண்டரை மூடினோமா என்பதைக் கொடுத்தேன். பிறகு அப்பாவின் சர்க்கரை மாத்திரை. இன்டர்வியூவில் நான் 'சார்' என்று அதிகம் சொன்னேனா, குறைவாகச் சொன்னேனா. மாடியில் காயும் துணி, மழை. நான் படித்ததை அப்பா எல்லோரிடமும் சொல்கிறார், அதற்குத் தகுந்த மாதிரி எதுவும் நடக்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்பது. கடைசியாகச் சொன்னது கொஞ்சம் கனமாக இருந்தது. அதை வாங்கியபோது லாரியின் ஸ்பிரிங் பட்டைகள் அமுங்கின.

"இருபத்தஞ்சு... இருபத்தாறு..." யூசுப் அண்ணன் மீட்டரைத் தட்டினார். "நின்னுபோச்சு. பாப்பா, எதையோ வெச்சுக்கிட்ட."

"இல்லீங்கண்ணா."

"மீட்டர் பொய் சொல்லாது. லூஸ் கனெக்சன் எங்கியும் இல்ல. நீதான் ஒண்ணப் புடிச்சிட்டிருக்கற."

பொன்னுரங்கம் எழுந்து, கேஸ் கட்டரின் குழாயை உதறினார். "நான் அவசரப்படலீங்க. வெயில் சாயுதுன்னு பாத்தேன்."

ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொண்டிருந்தேன். அப்பா லோடு ஏற்றி மலைப்பாதையில் போகும்போது ஸ்டீயரிங்கிலேயே கண் அயர்ந்துவிடுவாரோ என்பது. அதை நான் நினைத்துக்கொண்டே இருக்கும் வரை அப்படி நடக்காது என்று நம்பியிருந்தேன். அதை இன்னொருவரிடம் கொடுப்பது எனக்குச் சரியாகப்படவில்லை. ஆனால் யோசித்துப் பார்த்தால், மலைப்பாதையில் அப்பாவோடு இருப்பது நானில்லை, லாரிதான்.

பக்கத்தில் நின்ற அப்பாவுக்குக் கேட்காதபடி குனிந்து, பானெட்டில் வாயை வைத்துச் சொன்னேன். பிறகு, "இனிமே நீ பாத்துக்க" என்றேன்.

"இருபத்தெட்டு!"

சிவப்பு விளக்கு அணைந்தது. பொன்னுரங்கம் கறுப்புக் கண்ணாடியை உறையில் போட்டு, மோர் நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மைதானத்துக்கு நானும் போனேன். அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தென்னை மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு மரங்கள் அங்கே இருப்பது எனக்குத் தெரியாது. லாரி ஒவ்வொரு திருப்பத்துக்கும் இரண்டு தெரு முன்னாலேயே இண்டிகேட்டர் போட்டது. வேகத்தடையில் ஏறி இறங்கிய பிறகு, சரியாக இறங்கினோமா என்று நின்று பார்த்தது. பைபாஸில் ஏறியதும் திடீரென்று திரும்பி வீட்டுக்கு ஓடியது. அம்மா அடுப்படிக்குள் போய், சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றிக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் மறுபடியும் கிளம்பியது.

"நல்லதுதானே" என்றார் அப்பா, கொட்டாவி விட்டபடி. உடனே லாரி தானாக ஹாரன் அடித்தது. வைப்பர் இரண்டும் கண்ணாடியைப் படபடவென்று அறைந்தன. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். அவர் பெடலில் காலை வைக்க நினைத்ததுமே அது நின்றது. ஹெட்லைட், ஹாரன் எல்லாம் பார்த்தார். சேஸ் நம்பர் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார்.

"வண்டி பாஸ்" என்றார். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "சார்ஜ் குடுத்தது யாரு?"

"எம் பொண்ணுங்க."

"அப்ப அவங்களையும் பாக்கணுமே. லோடு எறக்கின வண்டி மாதிரிதான அவங்களும்?"

அவர் என்னைச் சுற்றி வந்தார். வலது கண்ணை மூடச் சொன்னார், இடது கண்ணை மூடச் சொன்னார். கொஞ்சதூரம் நடக்கவிட்டு, "நில்லுங்க" என்றார். நின்றேன். பின்னலை ஒதுக்கச் சொல்லி, பிடரியில் ஒரு காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்தார். நம்பர் சுத்தமாக விழுந்தது.

"ஒரு வருசம் தரலாம். ரிஃப்ளெக்டர் மட்டும் ஒட்டிருங்க."

மைதானத்துக்கு வெளியே ஒரு கடையில் அப்பா ஸ்டிக்கர் வாங்கி, எனக்கு முன்பக்கம் வெள்ளையும் பின்பக்கம் சிவப்பும் ஒட்டிவிட்டார். அதற்குப் பிறகு கடைவீதியில் எனக்குப் பின்னால் வருகிறவர்கள் போதுமான இடைவெளி விட்டே நடக்கிறார்கள்.