ரெண்டு மீட்டர், எந்தப் பக்கம்?

இயற்பியல் ஆசிரியை வீடு மாறிய அன்று, சாமான் ஏற்றி வந்த ஆட்கள் பீரோவைக் கூடத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவிலிருந்த குறுகலான நடையில் நிறுத்திவிட்டு, வேறு வேலைக்கு நேரமாகிறது என்று நழுவிவிட்டார்கள். பீரோ ஆளைவிட உயரம். பக்கத்தில் ஒல்லி ஆள் ஒருக்களித்து நுழையத்தான் இடம்.

தம்பிக்குப் போன் போட்டாள். பஸ் ஓட்டுகிறவன், ஷிப்ட் முடிந்து நேராக வந்தான்.

“ரெண்டு மீட்டர் நகத்தினாப் போதும்டா. நீ அந்தப் பக்கம் போ.”

வயிற்றை எக்கிக்கொண்டு போனான். இவள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு தோளைக் கொடுத்தாள். பீரோ அசைவேனா என்றது. மூச்சைப் பிடித்து மறுபடி தள்ளினாள். இம்மியும் நகரவில்லை. இவன் சின்ன வயசிலிருந்தே வேலைக்கள்ளன், சும்மா கையை வைத்துக்கொண்டு நிற்கிறான் என்று நினைத்தாள்.

“சாப்பிட்டியா இல்லையாடா? கொஞ்சம் பலத்தைக் காட்டு!”

“காட்டிக்கிட்டுதான்க்கா இருக்கேன்! உள்ள என்ன வச்சிருக்க, பாறாங்கல்லா?”

வியர்வையைத் துடைக்கத் தோளை எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், பீரோ சர்ரென்று அவள் மேலேயே வந்தது.

“டேய்! நிறுத்து! எங்கடா தள்ற?”

“கூடத்துக்குத்தான்.”

“அடப்பாவி, அது படுக்கையறைக்குப் போகணும்! உன்னை இழுக்கத்தானே அனுப்பினேன்!”

அந்தப் பக்கமிருந்து வந்த குரலில் தேன் வழிந்தது. “ரெண்டு மீட்டர்னு மட்டும்தானே சொன்ன? விசை, இடப்பெயர்ச்சிக்கெல்லாம் அலகு மட்டும் எழுதினாப் பத்தாது, திசையும் வேணும்னு என் தலையில நங்குநங்குன்னு கொட்டினது யாருக்கா?”

அவளுக்குச் சுருக்கென்றது. அலகில் ஒரு குறையும் இல்லை. இவள் தள்ளியதும் நியூட்டன் கணக்குதான், அவன் தள்ளியதும் நியூட்டன் கணக்குதான்; எதிரும் புதிருமாய் நின்றதில் ஒன்றை ஒன்று தின்றுவிட்டது. பலகையில் அம்புக்குறி போட்டுப் போட்டு இதைத்தான் வருஷக்கணக்காகச் சொல்லிவருகிறாள்.

“சரிடா, திசையை விட்டுட்டேன். அரை மார்க் குறைச்சுக்கோ.”

“அரையா? எனக்கெல்லாம் முட்டைதானே போட்ட!”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ள, அவன் இழுத்தான். இம்முறை பீரோ வழுக்கிக்கொண்டு கதவைத் தாண்டிப் போனது. பின்புறமாகவே நடந்த தம்பி, சுருட்டி வைத்திருந்த மெத்தையில் தடுக்கி மல்லாந்தான்.

“பஸ் ஓட்டுறவனுக்குப் பிரேக் போடத் தெரியாதா?” என்று எட்டிப் பார்த்தாள்.

“பிரேக் உன் பக்கம்தான்க்கா இருந்துச்சு,” என்றான் படுத்தபடியே.

எழுந்திருக்கிற எண்ணமே அவனுக்கு இருப்பதாகத் தெரியவில்லை. அவள் சமையல் சாமான் பெட்டியைப் பிரித்து டீ பாத்திரத்தைத் தேடப் போனாள்.