கட்டைவிரலுக்கு எண் ஒன்று

முப்பத்தோரு வருடம் ஓட்டல் வரவேற்புக் கூடத்தில் வயலின் வாசித்து, அங்கே சுவரிலிருந்த பல்லிகளுக்கே சுருதி பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அந்தச் சகலைகள் இருவரும். மூத்தவருக்குப் பெரிய பிடில், இளையவருக்குச் சின்ன பிடில் என்று பெயர் வைத்தது சமையல்கட்டு. திடீரென்று புது மேனேஜர் யானைக்குட்டி கனத்தில் ஒரு பியானோவை வாங்கிப் போட்டார். வயலின் இனி வேண்டாம், பியானோவுக்கு ஒரே ஆள், மாசக் கடைசியில் நன்றாக வாசித்துக் காட்டுகிறவருக்கு வேலை என்றும் சொல்லிவிட்டார்.

"அந்த மர பீரோவை நான் தொடவே மாட்டேன் அண்ணே. நீங்க கத்துக்குங்க, வேலை உங்களுக்குத்தான்" என்று மனைவிமார் இருவர் முன்னாலும் சத்தியம் செய்தார் சின்ன பிடில். பெரியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வியாழன்தோறும் பெரியவருக்கு, பியானோ சொல்லித்தரும் டீச்சரம்மா வீட்டில், டீச்சரம்மாவின் புத்தகத்தில் பாடம். எந்தச் சுரத்துக்கு எந்த விரல் என்று அதில் எண் போட்டிருக்கும். வயலினில் ஆள்காட்டி விரல்தான் ஒன்று. கட்டைவிரலுக்கு எண்ணே கிடையாது. பியானோவிலோ கட்டைவிரல்தான் ஒன்று. முப்பத்தோரு வருடப் பழக்கம் லேசில் விடுமா? ஒவ்வொரு விரலும் ஒன்று தள்ளியே விழுந்தது. டீச்சரம்மாவின் பூனை வீட்டைவிட்டே போய்விட்டது.

மூன்றாவது வாரம் அதிசயம் நடந்தது. பாடம் முழுக்க யாரோ பென்சிலால் வயலின் கணக்கில் எண் எழுதி, கட்டைவிரலுக்கு மட்டும் பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். பெரியவர் கை வெண்ணெயில் வழுக்குகிற மாதிரி ஓடியது. டீச்சரம்மாவுக்குக் கும்பிடு போட்டார்.

"நான் எங்க எழுதினேன்? உங்க சகலை எழுதினது. செவ்வாய்க்கிழமையானா வந்துடுறாரே, உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். செருப்பு கால் மாறியிருந்தது தெருமுனை வரை தெரியவில்லை.

செவ்வாயன்று சின்னவர் உள்ளே நுழைந்தபோது, பியானோ முன்னால் பெரியவர் ரப்பரும் கையுமாக உட்கார்ந்திருந்தார். சொல்லியிருந்தால் நீங்கள் வேலையை எனக்கே விட்டுக்கொடுத்திருப்பீர்கள், அந்தப் பாவம் எனக்கெதற்கு என்றுதான் சொல்லவில்லை என்றார் சின்னவர். கண்ணாடி போட்டு மாட்டிவைக்கலாம், அவ்வளவு அழகான சாக்கு. பெரியவர் முதல் வரியின் பென்சில் எண்களை அழித்தார்.

"அண்ணே, அதை அழிச்சிட்டா எனக்கு வாசிக்க வராது."

"எனக்கும்தான் வராது" என்றார் பெரியவர். துகளை ஊதிவிட்டு இரண்டாவது வரிக்குப் போனார்.